சுடரின்றி எரியும் அடுப்பு

ஆகஸ்டு மாதத்துப் பின்பாதியில், பொழுது புலருமுன் ஆவடி–பூந்தமல்லி சாலையில் செல்வோர் காவியுடை அணிந்த சிறு சிறு குழுக்களைக் காணாதிருக்க இயலாது. ஆகஸ்டு 29ஆம் நாள் ஏறும் கொடியைக் காணவோ, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவில் பங்குகொள்ளவோ வேளாங்கண்ணி நோக்கி நடப்பவர்கள் இவர்கள். கடற்கரைச் சாலையை அடைந்து, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்குமேல் நடக்க வேண்டும். வசதியுள்ள குழுக்களின் பின்னே சிறு வண்டியொன்று பாத்திரங்களைச் சுமந்து வரும். வண்டிக்கு வழியில்லாதோர் தம் சமையலறையைத் தம் தோளிலேயே சுமக்கின்றனர். மூட்டையில் மிகக் கனமானது எது என்று கேட்டால் அரிசி என்பார்கள்; மிகத் தொல்லையானது எது என்று கேட்டால் அடுப்பு என்பார்கள்.

முற்காலத்தில் பம்ப் அடுப்புதான் துணை. 1892இல் சுவீடன் நாட்டில் பிறந்த அந்தப் பித்தளை அடுப்பு நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்காலம் இரைந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் மண்ணெண்ணெய் கசிந்து அரிசிப் பையில் ஏறிவிட்டால், நாகப்பட்டினம் வரை சோற்றில் அந்த வாடைதான். பின்னர்ச் சிறிய எரிவாயு உருளைகள் வந்தன. நடக்கும்போது அவை பாரம். திரும்பும் வழியில் இரயிலில் ஏற்றினாலோ குற்றம். அது வெறும் சட்டத்தின் கெடுபிடி அன்று. 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் மதுரை இரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், இலக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் மறைத்துக் கொண்டுவந்த உருளையைப் பற்றவைத்தபோது தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டனர். அவர்களும் புண்ணியத் தலங்களைத் தேடி வந்தவர்களே.

இந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அம்பத்தூர் இளைஞர் சிலர் ஒரு யோசனையோடு வந்தனர். "ஃபாதர், சுடரே இல்லாத அடுப்பு ஒன்று செய்து பார்க்கலாமா?"

வேறு ஊராக இருந்தால் இக்கேள்வி பேச்சோடு போயிருக்கும். இங்கே அப்படியன்று. சைக்கிள் ஆலையைப் பார்த்து வளர்ந்த ஊர் அம்பத்தூர். 1960களில் தொழிற்பேட்டை எழுந்தபின் தெருவுக்குத் தெரு லேத் பட்டறையின் ஓசை. பக்கத்து ஆவடியோ, 1955இல் காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் பற்றித் தீர்மானம் செய்த ஊர். பத்தாண்டு கழித்து விஜயந்தா டாங்கிகளை உருட்டிவிட்ட ஊர். பட்டரைவாக்கத்தில் ஒரு பையனிடம் தகரத்தையும் கத்தரியையும் கொடுத்தால் மாலைக்குள் ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டிவிடுவான். அது பயன்படுமா என்பது வேறு செய்தி.

சுடரில்லா நெருப்பு என்பது மாயமன்று. 1817இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளருக்கான விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். சூடேறிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் பிடித்தால், சுடர் ஏதுமின்றியே கம்பி செந்தணலாக ஒளிர்ந்தது. வாயு அந்த உலோகத்தின் மேற்பரப்பிலேயே உயிர்வளியோடு சேர்ந்து எரிகிறது, பிளாட்டினமோ குறைவதில்லை. இத்தகைய பொருளை வினையூக்கி என்பர். முட்செடி எரிந்தும் தீய்ந்துபோகாதிருந்ததைக் கண்டு வியந்த மோயீசனின் நினைவு எனக்கு வந்தது. ஆனால் இங்கே காலணியைக் கழற்றினால் கால் வெந்துவிடும் என்று பையன்களை எச்சரித்து வைத்தேன். இதே தத்துவத்தில் ஜப்பானியர் 1923 முதல் சட்டைப் பைக்குள் வைக்கும் கைச்சூட்டுப் பெட்டியைச் செய்து வருகின்றனர்.

பிளாட்டினத்துக்கு எங்கே போவது? அதற்கும் விடை நம் சாலையிலேயே கிடந்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகைக்குழாயில் வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. அதனுள் இருப்பது தேன்கூடுபோல் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டை. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம் போன்றவை மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடையொன்றில் உடைந்த துண்டு ஒன்றை வாங்கி வந்தனர். அதன் விலையைக் கேட்டு நான் திகைத்தேன். குப்பையிலும் பிளாட்டினம் பிளாட்டினந்தான்.

சோதனை மொட்டைமாடியில் நடந்தது. தகர டப்பியில் திரியிட்டு எரிசாராயம் ஊற்றி, அதன்மேல் பீங்கான் துண்டைக் கம்பியில் நிறுத்தினர். முதலில் சுடர் மூட்டித் துண்டைச் சூடாக்க வேண்டும். சில நூறு பாகை வெப்பம் ஏறாமல் வினையூக்கி விழிப்பதில்லை. பிறகு சுடரை மூடி அணைத்தனர். ஒரு கணம் இருள். அடுத்த கணம் துண்டின் அடிப்பாகம் மங்கிய செந்நிறம் கொண்டு ஒளிர்ந்தது. சுடர் இல்லை, புகை இல்லை, ஓசை இல்லை. எல்லோரும் கைதட்டினோம்.

யாத்திரைக் குழுவுக்கு ஆண்டுதோறும் சமைக்கும் மூதாட்டி மட்டும் கைதட்டவில்லை. "சாமி, சோறு வேகுமா வேகாதா, அதைச் சொல்லுங்க" என்றார்.

வேகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வேண்டும். கணக்குப்படி பத்துக் கிராம் எரிசாராயத்தில் அவ்வளவு வெப்பம் உண்டு. ஆனால் பாத்திரத்தை அருகே வைத்தால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, துண்டு குளிர்ந்து உறங்கிவிடுகிறது. தள்ளி வைத்தால் வெப்பம் காற்றோடு போகிறது. துண்டு பாதி குளிர்ந்த வேளையில், அரைகுறையாக எரிந்த ஆவி கண்ணைக் கரித்தது. கையைக் காய்ச்ச உகந்த இந்த நெருப்பு, உலை கொதிக்கப் போதவில்லை. துண்டைப் பெரிதாக்கலாம் என்றான் ஒருவன். விலையை நினைவூட்டினேன்.

இதைவிடப் பெரிய இடையூறு எரிபொருளில் இருந்தது. மண்ணெண்ணெயின் கந்தகம் வினையூக்கியை மெல்லக் கெடுத்துவிடும். மெத்தனால் நன்கு எரியுமாம். ஆலைகள் நிறைந்த இப்பகுதியில் அது எங்கே கிடைக்கும் என்று பையன்களுக்குத் தெரியும். அங்கேதான் நான் கடுமையாகத் தடுத்தேன். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் நஞ்சுச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த மெத்தனால் வானகரத்திலிருந்த ஓர் இரசாயன ஆலையிலிருந்து போனதாகக் காவல்துறை சொல்லிற்று. வானகரம் நமக்கு எட்டாத ஊரா? பூந்தமல்லி பேருந்தில் ஏறினால் வழியில் வருவது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். களைத்த மனிதர்கள் இரவில் தங்கும் சத்திரத்தில், தண்ணீர்ப் புட்டிகளின் நடுவே, தண்ணீர் போலவே தெளிந்த நஞ்சை ஒரு புட்டியில் வைப்பதா?

சுடரில்லாததால் மழைநாளில் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று இன்னொருவன் கேட்டான். கூடாது. எரிதல் முழுமை பெறாதபோது கார்பன் மோனாக்சைடு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதியறையில் கரியடுப்பை உள்ளே வைத்து உறங்கிய இளைஞர் இருவர் விடியலைக் காணவில்லை. அடுப்பு எத்தகையதாயினும் அதன் இடம் வெட்டவெளியே. உயிர்த்த ஆண்டவர் சீடருக்கு மீன் சுட்ட கரிநெருப்பும் திறந்த கடற்கரையில்தான் இருந்தது.

இறுதியில் வழி காட்டியவர் அந்த மூதாட்டியே. மரவாடியில் தூள் வாங்கி, தகர டப்பாவின் நடுவில் புட்டியை நிறுத்திச் சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, புட்டியை உருவிவிட்டுப் பற்றவைக்கும் மரத்தூள் அடுப்பைப் பற்றி அவர் சொன்னார். காற்று கீழிருந்து நடுத்துளை வழியே ஏறுவதுதான் அதன் சூட்சுமம். பையன்கள் உடனே பிடித்துக்கொண்டனர். இரண்டு டப்பாக்களை ஒன்றினுள் ஒன்றாகப் பொருத்தி, வெளிச்சுவரின் அடியிலும் உட்சுவரின் மேல்விளிம்பிலும் துளையிட்டனர். இடைவெளியில் ஏறும் காற்று சூடாகி மேலே புகையைச் சந்திக்க, புகையும் எரிந்துவிடுகிறது. சாலையோரச் சுள்ளியும் கொட்டாங்குச்சியும் போதும். எரிபொருளைச் சுமக்க வேண்டியதே இல்லை. துத்தநாகம் பூசிய தகரத்தை மட்டும் தள்ளிவிடச் சொன்னேன்; சூடேறினால் அதன் புகை காய்ச்சல் தரும். பிஸ்கட் டப்பாவாயின், உள்ளே பூச்சிருந்தால் முதல் முறை வெறுமனே எரித்துவிட வேண்டும்.

அரைப்படி அரிசி அதில் வெந்தது. மூதாட்டி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, அடுப்பைக் கையில் தூக்கி எடை பார்த்து, "இதுல ரெண்டு செய்யுங்கப்பா, குழம்புக்கு ஒண்ணு வேணும்" என்றார்.