மலையடிவாரத்தில் ஒரு சிப்பிப்பாறை

சிப்பிப்பாறை ஓட்டத்துக்கென்றே உருவான நாய். விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இந்த இனம், தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்குப் போனது. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, இறங்கிய நெஞ்சு, மெல்லிய தோல். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும் சாதி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. நாயின் கண் மட்டும் மாறவில்லை.

திருவண்ணாமலையில் இதை வளர்ப்பவருக்கு முதல் கவலை அந்தக் கண்தான். மலைக்காட்டில் புள்ளிமான் உண்டு. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குரங்கும் ஆடும் குறுக்கே ஓடும். இதே ஊர் ரமணாசிரமத்தில் வள்ளி என்ற மானுக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. சிப்பிப்பாறையிடம் மானோடு அப்படியொரு இணக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஓட்டம் எடுத்துவிட்டால், வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற நாய்கூடக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. ஆகவே வெளியே போகும்போது கயிறு கையில் இருக்க வேண்டும். இதன் தலை கழுத்தைவிடப் பெரிதல்ல. சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். அகலமான பட்டையோ மார்போடு சேர்த்துக் கட்டும் வாரோ தேவை.

நாள் முழுக்க ஓடும் நாய் என்று நினைப்பது தவறு. நன்றாக ஓடவிட்டால் மிச்ச நேரம் தூங்கிக் கிடக்கும். அந்த ஓட்டம் கிடைக்காமல் சங்கிலியில் கிடந்தால்தான் குரைப்பு, பள்ளம் தோண்டல், செருப்புக் கடி எல்லாம். விடியுமுன் சுற்றுச்சுவர் உள்ள காலி மனையில் அவிழ்த்துவிடுவது நல்லது. கூட்டம் நிறையும் பௌர்ணமி நாட்களில் கிரிவலப் பாதைப் பக்கமே போகக் கூடாது. தெருநாய்க் கூட்டமும் தவிர்க்க வேண்டியதே. மெல்லிய தோல் ஒரு கடியில் கிழிந்து தையலில் போய் முடியும்.

சித்திரை வெயிலில் மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். அப்போது தார்ச் சாலை நடை வேண்டாம். நிழலும் தண்ணீரும் போதும். மார்கழிப் பனிக்கோ கொழுப்பில்லாத இந்த உடம்பு நடுங்கும், படுக்கச் சாக்கு வேண்டும்.

விலா எலும்பு லேசாகத் தெரிவது இதற்கு நோயல்ல. 'சோறே போடுவதில்லையா' என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள்; அதற்காக அள்ளிப் போட்டு வயிறு வளர்த்தால் ஓட்டமும் மூட்டும் கெடும். உணவை இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, தின்றவுடன் ஓடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழ்ந்த நெஞ்சுக் கூடுள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர்வது வழக்கம். உண்ணிக் காய்ச்சலுக்கு அஞ்சி வாரந்தோறும் காது, விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால், இது ஓட்ட நாய் என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவது அவசியம். சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து இந்த வகை நாய்கள் தெளிய நெடுநேரம் பிடிக்கும்.