பொல்பிட்டியவில் ஒரு மேஸ் பொம்மை



ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைப் பக்கம் இறங்கும் பஸ்ஸில் ஏறினால், வளைவுக்கு வளைவு குளிர் குறைந்துகொண்டே வரும். தேயிலையோடு இறப்பரும் கித்துளும் கண்ணில் படத் தொடங்கும். அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது பொல்பிட்டிய. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை அணைகளில் தேங்கும் நீர், மேலே உள்ள மின்நிலையங்களில் வேலை செய்துவிட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இங்குள்ள மின்நிலையத்துக்கு வந்து சேருகிறது. இந்த நிலையம் இயங்கத் தொடங்கியது 1969ஆம் ஆண்டில். நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த இந்த மலைகளில், பல லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

இவ்வூருக்கு நான் முதன்முதலாகச் சென்றது 2014இல். சமூகவியல் பட்டம் பெற்று, சமூகப் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு தாயையும் மகளையும் பார்த்துவரும்படி வவுனியாவிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அந்தத் தாய் வன்னியில் பிறந்து வளர்ந்து மணமுடித்தவர். கணவர் 2009 மே மாதத்தில் சனக்கூட்டத்துக்குள் பிரிந்தார். அதன்பின் எந்தச் செய்தியும் இல்லை. முகாமில் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்த அவர், கொழுந்து பறித்துச் சீவித்தார். மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் எவருடனும் கதைப்பதில்லை என்பதற்காகவே நான் சென்றிருந்தேன்.

லயத்துக் காம்பிராவின் வாசலில் நின்றபோது உள்ளே ஒரு பிள்ளை உரத்த குரலில் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். கூரையில் டிஷ் பூட்டியிருந்தார்கள். தொலைக்காட்சியில் சுட்டி ரி.வி. தமிழில் கொடுத்த டோரா ஓடிக்கொண்டிருந்தது. டோரா ஏதோ கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். பிள்ளை விரலை நீட்டி, ஆற்றைக் காட்டி, பாலத்தைக் காட்டிப் பதில் சொன்னாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"அது யாருகிட்டயும் பேசாதுங்க மிஸ். டீவிகிட்ட மட்டுந்தான் பேசும்" என்றார் பெரியம்மா.

இந்த ஒரு வசனம் என்னை யோசிக்க வைத்தது. வீட்டில் நாங்கள் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறோம். ஆனால் பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருக்கிறோம்? அவள் வாய் திறப்பதற்குள் நாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறோம். சிறுவர் நிகழ்ச்சிகளை ஆக்குவோர் இதை அறிந்தவர்கள். கேள்வியின் பின் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, நிகழ்ச்சியில் பங்குகொள்ளும் பிள்ளையாக மாறுகிறது.

பொம்மைகளுக்கும் இப்படியொரு சக்தி உண்டு. பொல்பிட்டிய நிலையம் இயங்கத் தொடங்கிய அதே 1969இல், நவம்பர் மாதத்தில், அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சி ஆரம்பமானது. பாட்டு, பகிடி, எண்ணும் எழுத்தும், உண்மையான சிறுவர்கள், அவர்களோடு கதைக்கும் பொம்மைகள் எல்லாம் கலந்த நிகழ்ச்சி அது. பொம்மைகளைச் செய்தவர் ஜிம் ஹென்சன். பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் முதலில் ஆலோசனை கூறினார்களாம். அப்படியே பிரித்துவைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, மனிதர்கள் மட்டும் வரும் காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சிதறியது. அதன் பிறகே 'பிக் பேர்ட்' என்னும் பெரிய மஞ்சள் பறவை அந்தத் தெருவுக்குள் வந்தது.

எனக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்யத் தெரியாது. ஆனால் கையில் ஒரு பழைய மேஸ் இருந்தது. பெரியம்மாவிடம் ஊசி நூல் வாங்கி, இரண்டு பட்டன்களைக் கண்களாகத் தைத்தேன். ஒன்று பெரிது, மற்றது சிறிது. மேஸைக் கையில் மாட்டிக்கொண்டு, பிள்ளையைப் பார்க்காமல், பொம்மையைக் கொண்டு கேட்டேன்: "எனக்கு ஏன் ஒரு கண்ணு சின்னதா இருக்கு?" பின் பேசாமல் இருந்தேன். மனதுக்குள் பத்து வரை எண்ணினேன்.

"பட்டன் கெடைக்கல" என்றாள் பிள்ளை, பொம்மையிடம்.

இங்கே நான் என் பிழையையும் சொல்ல வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று அந்தத் தாய் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். 'சின்னப்பிள்ளைதானே, அப்படியே இருக்கட்டும்' என்று நானும் முதல் நாளில் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள், பொம்மையின் காதுக்குள் பிள்ளை கேட்டாள்: "எதிர் காம்பிராவுல எல்லாருக்கும் வெளிநாட்டுல இருந்து போன் வருது. எங்களுக்கு மட்டும் ஏன் வரல?"

பொம்மையிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பின்னால் நின்ற தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்த பிள்ளை, எங்கள் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடியிருந்தாளோ என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இவ்விடத்தில் இன்னொரு விடயத்தையும் சொல்வது பொருத்தமாகும். செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் 'மிஸ்டர் ஹூப்பர்' ஆக நடித்தவர் 1982 டிசம்பரில் காலமானார். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நிகழ்ச்சியை ஆக்கியோர் அப்படிச் செய்யவில்லை. சிறுவர் உளவியல் அறிந்தவர்களிடம் கேட்டுத் தயாரித்த அந்தக் காட்சி, பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் ஒன்றாக இருக்கும் ஒரு விடுமுறை நாளில், 1983 நவம்பர் 24ஆம் திகதி ஒளிபரப்பானது. எல்லோரையும் படமாக வரைந்துவந்த பிக் பேர்ட், ஹூப்பரின் படத்தை அவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் கண் கலங்க, ஆனால் நேராகவே சொல்கிறார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்கும் மனம் உண்டு என்று நம்பியது.

பின்னாளில் போரால் இடம்பெயர்ந்த சிரியப் பிள்ளைகளுக்காக, 2020இல் 'அஹ்லான் சிம்சிம்' என்ற நிகழ்ச்சியை அரபு மொழியில் ஆரம்பித்தார்கள். அதில் வரும் ஜாட் என்ற பொம்மைச் சிறுவன் ஊரைவிட்டு வந்தவன். பயம், கோபம், கவலை ஆகியவற்றுக்குப் பெயர் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். எங்கள் மட்டக்களப்பிலும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கதையாலும் களிமண்ணாலும் பொம்மையாலும் தம் மனதைத் திறந்தார்கள்.

ஆனால் சகோதரிகளே, ஹூப்பரின் கதையைவிட எமது கதை கடினமானது. இறந்தவரை இறந்துவிட்டார் என்று சொல்லலாம். காணாமல் போனவரை என்னவென்று சொல்வது? இருக்கிறார் என்றாலும் பொய்யாகலாம், இல்லை என்றாலும் பொய்யாகலாம். அன்று இரவு முழுவதும் அந்தத் தாயும் நானும் இதைத்தான் கதைத்தோம். மறுநாள் வேலை முடிந்து வந்து, கொழுந்துக் கறை படிந்த கையில் மேஸை மாட்டிக்கொண்டு அவர் மகளுக்கு முன்னால் அமர்ந்தார். பொம்மையை நான் பேச வைப்பேன் என்று நினைத்திருந்தேன். அவர் தானே பேசினார்: "அப்பா எங்கனு அம்மாவுக்குத் தெரியாது குஞ்சு. அம்மா தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிள்ளை அழுதாள். தாயும் அழுதார். பிறகு பிள்ளை, "நானும் வாறேன் தேட" என்றாள். அவள் அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் வாய் திறந்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். அதற்குப் பல மாதங்கள் எடுத்தன. ஆனால் 'தெரியாது' என்பதும் ஓர் உண்மையான பதில் என்பதை நான் கற்றது அந்தக் காம்பிராவில்தான்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். பழைய மேஸ் ஒன்றும் இரண்டு பட்டன்களும் போதும். பொம்மையைக் கொண்டு சின்னக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். கேட்டபின் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம், நாளைக்கும் பொம்மை வரும். பிள்ளை பொம்மையிடம் சொன்னதைப் பிள்ளைக்கு முன்னால் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம். பல வாரங்களாகியும் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், வாய் திறவாமல் இருந்தால் உளவளத்துணையாளரிடமோ வைத்தியரிடமோ கூட்டிச் செல்லத் தயங்க வேண்டாம்.

கடந்த வருடம் மறுபடியும் பொல்பிட்டியவுக்குப் போனேன். களனி கங்கை அதே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை இப்போது வளர்ந்த பெண். மேஸ் பொம்மை அலுமாரிக்கு மேல் இருந்தது, கண்கள் இன்னும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகவே. மேசையில் ஒரு தடித்த பைல். கணவரைத் தேடி அலுவலகங்களுக்கு அந்தத் தாய் கொண்டுபோகும் கடிதங்களை இப்போது மகள்தான் எழுதுகிறாள், தமிழிலும் சிங்களத்திலும்.