ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆற்றிலே பிரயாணம் போவதற்கான பணத்தை எந்தப் படியால் அளப்பது என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையைச் சென்ற தீபாவளியின்போது நாமே தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாம் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதி வருகிறோம். எங்கள் ஊரில் 'காஸ்டிங்' என்று ஒரு கலை உண்டு. ஒரு பனியன் என்ன விலைக்கு அடங்கும் என்று கேட்டால், நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாக எழுதி, சேதாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து, பைசா பிசகாமல் சொல்லிவிட வேண்டும். பிசகினால் முதலாளிக்கு நஷ்டம். நமக்கு வேலை நஷ்டம். இத்தனை வருஷப் பழக்கத்தினால், கோயிலில் அர்ச்சனைத் தட்டைப் பார்த்தாலும் தேங்காய் என்ன, பழம் என்ன, கற்பூரம் என்ன என்று நம் மனம் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நம்மிடம், 74 வயதான நம் தாயார் ஒருநாள் சாயங்காலம் சாவதானமாக ஒரு விண்ணப்பம் போட்டார்கள்.

"ஏங்கண்ணு, ஒருக்கா ஆத்துல படகேறிப் போகோணும்."

எழுபத்து நாலு வருஷத்தில் அவர்கள் தமக்கென்று கேட்ட மூன்றாவது பொருள் இது. முதலாவது, ஒரு ஜோடி கண்ணாடி. இரண்டாவது, காது கேட்கும் கருவி. ஆகவே மறுப்பதற்கு இடமே இல்லை. எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. தீபாவளிக்குத் திருப்பூரே கதவை அடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடும். போனஸ் பணத்தில் மகளின் படிப்புக்கு எடுத்து வைத்ததுபோக மிச்சம் 24,000 ரூபாய் கையில் இருந்தது. உடனே குடும்ப மகாசபை கூடிற்று.

ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் புதல்வன் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தான். 2023-ஆம் வருஷம் ஜனவரி 13-ஆம் தேதி காசியிலிருந்து 'கங்கா விலாஸ்' என்ற கப்பல் புறப்பட்டதாம். வங்காள தேசத்தைச் சுற்றிக்கொண்டு, அஸ்ஸாமில் உள்ள திப்ருகர் வரையில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். 51 நாள் பிரயாணம். கப்பலில் 18 அறைகள்தான். முதல் பிரயாணத்தில் ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள் 32 பேர் போனார்கள். "அப்பத்தாவையும் கூட்டிக்கிட்டு நாமும் போகலாம் அப்பா!" என்றான். நமக்கு லீவு ஒன்பது நாள். பாக்கி 42 நாளுக்குக் கம்பெனிக் கணக்கை யார் எழுதுவது என்று கேட்டோம். தீர்மானம் வாபஸ் பெறப்பட்டது.

பதினோராம் வகுப்பு மகள் ஐரோப்பாவுக்கே போய்விட்டாள். டான்யூப் நதியில் ஜெர்மனியின் பாஸோ நகரத்திலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரையில் ஒரு வாரம் மிதக்கலாமாம். அந்தக் கட்டணத்தை நாம் விசாரிக்கவே இல்லை. ஆனால் ஒரு செய்தி நம் மனத்துக்கு ஆறுதல் அளித்தது. அங்கேயும் கோடையில் நதியில் தண்ணீர் குறைந்துபோனால், கப்பலை நிறுத்திவிட்டுப் பிரயாணிகளை பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்களாம். 2022-ஆம் வருஷம் ரைன் நதி அப்படித்தான் வற்றிவிட்டது. பஸ்ஸில் போவதற்கு டான்யூப் எதற்கு? திருப்பூர் பஸ் ஸ்டாண்டே போதுமே!

நம் சகதர்மிணி சுதேசி யோசனை சொன்னாள். "ஏனுங்க, ஒகேனக்கல்லுல பரிசல் இருக்குதே?" நல்ல யோசனைதான். ஆனால் பரிசலில் குந்தித்தான் உட்கார வேண்டும். தாயாரின் முழங்கால்கள் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வோட்டுப் போட்டன.

கடைசியில் ஆலப்புழை ஏகமனதாக நிறைவேறிற்று. சென்னையிலிருந்து வரும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் விடியுமுன் திருப்பூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் ஏறிவிட்டால் நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை. ஆறுகள் வந்து சேரும் வேம்பநாட்டுக் காயல் ஆலப்புழையின் வாசலிலேயே கிடக்கிறது.

ஆலப்புழை என்றதும் எல்லோரும் 'கெட்டுவள்ளம்' என்னும் வீட்டுப் படகைத்தான் சொன்னார்கள். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு அது. ஒரு காலத்தில் நெல் மூட்டைகளைச் சுமந்தது. லாரிகள் வந்தபின் வேலையற்றுக் கிடந்தது. பிறகு படுக்கை அறையும் சமையல் அறையும் வைத்துக்கொண்டு உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்க ஆரம்பித்தது. இரண்டு அறைப் படகுக்கு ஓர் இரவு 16,000 ரூபாய் என்று ஒரு தரகர் சொன்னார். கூடவே ஒரு படத்தையும் கைப்பேசியில் அனுப்பினார். அந்தப் படகைப் பார்த்தால் திருவிதாங்கூர் மகாராஜாவே இறங்கி வருவார் போலிருந்தது.

நாம் காகிதத்தை எடுத்தோம். படகு 16,000, அதிகப்படி மெத்தை 1,000, மீன் வகையறாவும் படகாட்களுக்கு இனாமும் 1,500, ரயில் போக வர 2,500, ஆட்டோ 1,000, வெளிச் சாப்பாடு 2,000. கூட்டினால் சரியாக 24,000! பார்த்ததும் வீட்டில் ஒரே குதூகலம். ஆனால் சேதாரம்? நூற்றுக்கு ஐந்து, 1,200 சேர்த்தால் 25,200 ஆகிறது. சேதாரம் போடாத கணக்கு கணக்கே அல்ல என்பது நம் மதக் கோட்பாடு.

மேலும் சில கேள்விகள் கேட்டோம். படகு எத்தனை மணிக்குப் புறப்படும்? பகல் 12-க்கு. எப்போது திரும்பும்? மறுநாள் காலை 9-க்கு. இரவிலும் ஓடுமா? ஓடாது, மாலை ஐந்தரைக்குக் கரையில் கட்டிவிட வேண்டும், அதற்குமேல் காயல் வலைக்காரர்களுக்குச் சொந்தம். ஏ.ஸி. எப்போது? இரவு 9 முதல் காலை 6 வரைதான். மத்தியான்னம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். ஆக, 21 மணி நேரத்தில் படகு நகருவது ஐந்தரை மணி. நகரும் மணிக்கு ஏறக்குறைய 2,900 ரூபாய்!

இந்தத் தொகையை வாய்விட்டுப் படித்தபோதுதான் நம் சகதர்மிணி, முக்கியமான கேள்வியைக் கேட்டாள்: "அத்தைக்குப் படகுல தூங்கோணும்னு ஆசைங்களா, தண்ணியில போகோணும்னு ஆசைங்களா?"

இருபத்தாறு வருஷக் காஸ்டிங்கில் இவ்வளவு கூர்மையான கேள்வியை நாம் கேட்டதில்லை.

கேரள சர்க்காரின் நீர்ப் போக்குவரத்து இலாகா 1968 முதல் நடந்து வருகிறது. பஸ் ஓடுவதுபோல் அங்கே படகு ஓடுகிறது. ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குச் சுமார் இரண்டரை மணிப் பிரயாணம். முழு நேரமும் படகு நகர்ந்துகொண்டே இருக்கும். புதிய கணக்குப் போட்டோம்: சர்க்கார் படகு ஐந்து பேருக்கும் போக வர 300, சிறு படகு இரண்டு மணி நேரத்துக்கு 1,600, லாட்ஜில் இரண்டு அறை, இரண்டு இரவு 6,000, ரயில் 2,500, சாப்பாடு 5,000, ஆட்டோ 1,500, வைக்கம் போய்வர 600. மொத்தம் 17,500, சேதாரம் 875, ஆக 18,375. பணமும் மிஞ்சியது, ஒரு நாளும் கூடக் கிடைத்தது.

ஆலப்புழையில் இறங்கியதும், தரகர் படம் அனுப்பிய அந்த மகாராஜாப் படகைத் துறையில் தேடிப் பார்த்தோம். பெயர் அதேதான், படகு மட்டும் படத்தின் பாட்டனாரைப்போல் இருந்தது. வாசகர்கள் வீட்டுப் படகில்தான் போக விரும்பினால், துறைக்கு நேரில் போய் ஏறிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது உத்தமம்.

அன்று பிற்பகல் சேர்த்தலை வழியாகத் தவணக்கடவுக்குப் போய், அங்கிருந்து வைக்கத்துக்குப் படகேறினோம். 2017 ஜனவரி முதல் அந்தத் துறையில் 'ஆதித்யா' என்ற படகு ஓடுகிறது. கூரை முழுவதும் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள். 75 பேர் ஏறலாம். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. 1925 மார்ச்சில் காந்தி மகான் வைக்கத்துக்கு வந்ததும் படகில்தான். அதற்கு முந்திய வருஷம் நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டதும் அங்கேதான். இதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

மறுநாள் கோட்டயம் படகு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், கறிகாய்க் கூடைக்காரிகளும், ஒரு சைக்கிளும் நம்முடன் பிரயாணம் செய்தார்கள். குட்டநாட்டில் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருக்கிற அதிசயத்தை அன்றுதான் கண்டோம். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்கள். விதைப்புக்கு முன்னால் பம்பு வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துக் கொண்டிருந்தார்கள். தாயார் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், கோட்டயம் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சிறு படகில் போனோம். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாயார் கையை நீட்டினார்கள், பிறகு இழுத்துக்கொண்டார்கள். மறுபடி நீட்டி, விரல் நுனியை மட்டும் நனைத்து, கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்கள்.

"சாயம் ஒண்ணும் ஒட்டலையே கண்ணு!" என்றார்கள்.

குழந்தைகள் சிரித்தன. நம்மால் சிரிக்க முடியவில்லை.

நம் தாயார் பிறந்த ஊர் நொய்யலின் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கும் ஆறு அது. ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி விட்ட ஆற்றில், பிற்பாடு எந்த தேசத்துக்கு என்ன நிறத்தில் பனியன் போகிறதோ அந்த நிறத்தில் தண்ணீர் போயிற்று. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கிணறுகள் உப்பாயின, தென்னை மரங்கள் தலை சாய்ந்தன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று ஆயிற்று. அந்த வருஷந்தான் சாயத்தின் விலை ஏறி, நமது காஸ்டிங் காகிதத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவும் வந்து உட்கார்ந்தது. அதுவரையில் அந்தச் செலவை யார் கொடுத்து வந்தார்கள்? தாயாரின் ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். நாம் எழுதவில்லை; அவ்வளவுதான்.

கொடியைக் கைவிடாமல் 1932 ஜனவரியில் குமரன் உயிர் நீத்த ஊர் எங்கள் ஊர். ஆற்றைக் கைவிட்ட ஊரும் அதுவேதான்.

படகுக்காரரிடம் வீட்டுப் படகுகளின் கழிவு எங்கே போகிறது என்று விசாரித்தோம். அவர் துடுப்பை நிறுத்தி, வரிசையாகக் கட்டியிருந்த படகுகளைப் பார்த்தார். சிலர் ஒழுங்காகக் கரையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை என்றார். சிறு வயதில் இந்தக் காயல் நீரிலேயே கஞ்சி வைத்ததாகவும், இப்போது அவர் வீட்டுக்குக் குடிநீர் கேனில் வருவதாகவும் சொன்னார். படகுகளுக்கு நடுவே நீரின்மேல் டீஸல் எண்ணெய் மெல்லிசாக மினுமினுத்துக் கொண்டிருந்தது. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்த்து உலகமே காப்பாற்ற வேண்டிய நீர்நிலை என்று ஒப்புக்கொண்ட இடம் இது.

ஊர் திரும்பிக் கணக்கைச் சரிபார்த்ததில் செலவு 18,240. அக்கம்பக்கத்தார் வந்து அந்தக் காகிதத்தைப் பிரதி செய்துகொண்டு போனார்கள். அடியில் தொகை போடாத வரி ஒன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: "கழிவு எங்கே போகிறது என்று கேட்கவும். பதில் சொல்லாத படகுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்." அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காசு செலவில்லை. எங்கள் ஊரில் அதைக் காலத்தில் கேட்கத் தவறினோம், ஆலப்புழையிலாவது கேட்போமே.

தாயாரிடம், "இன்னும் எங்கேயாவது போகோணுமாம்மா?" என்று கேட்டோம்.

"வர்ற ஆடிப் பதினெட்டுக்கு நம்ம ஆத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ கண்ணு. கொஞ்சமாச்சும் தெளிஞ்சிருக்குதான்னு பார்த்துட்டு வந்தர்லாம்" என்றார்கள்.

அதற்கு ரயில் கட்டணம் இல்லை, லாட்ஜ் வாடகை இல்லை, டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆயினும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முதல் வரியில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.