மக்குப் பறவை

மூணு அரியரோட செகண்ட் இயரை முடிச்சவனுக்கு கிளாஸ்ல என்ன பேர் கிடைக்கும்? 'மக்கு'! எனக்கும் அதேதான்.

ரிசல்ட் வந்ததும் வீட்டுல முகத்தைக் காட்டப் பிடிக்காம, ஃப்ரெண்டோட ஊருக்கு ஓடினேன். கன்னியாகுமரி மாவட்டம், முட்டம். ஜூன் மாசம். தென்மேற்குப் பருவக்காத்து பேயாட்டம் ஆடிக்கிட்டிருந்தது.

கடற்கரை மணல்ல தனியா ஒரு பெரிய வெள்ளைப் பறவை. இறக்கை ஓரம் கறுப்பு, முகத்துல கறுப்பு மாஸ்க், ஈட்டி மாதிரி மஞ்சள் அலகு. கிட்டே போனேன். பறக்கலை! 'நம்மைவிட மக்கா இருக்கும் போல'னு சிரிச்சேன்.

பக்கத்துல வலையைச் சரிபண்ணிக்கிட்டிருந்த தாத்தா அதட்டினார். "தொடாதல மக்கா! காத்துல அடிபட்டுக் களைச்சு வந்திருக்கு. இருந்துட்டு அதுவாப் போவும்."

போட்டோவைப் பார்த்த பறவை ஆர்வலர் ஒருத்தர்தான் பேரைச் சொன்னார்: மாஸ்க்ட் பூபி. ஸ்பானிஷ்ல 'போபோ'ன்னா முட்டாள். அதுலேர்ந்து வந்த பேராம். ஆளில்லாத தீவுகள்ல வாழ்ந்த பறவைக்கு மனுஷனைப் பார்த்து பயப்படத் தெரியலை. கப்பல் தளத்துல வந்து உட்கார்ந்தா, மாலுமிகள் சுலபமாப் பிடிச்சுச் சமைச்சிடுவாங்க. நம்பினதுக்குக் கிடைச்ச பட்டம்!

மறுநாள் காலையில காத்து அடங்கியிருந்தது. நாங்க பார்க்கப் பார்க்க அது எழும்பிப் பறந்தது. கொஞ்ச தூரம் போய், சட்டுனு இறக்கையைப் பின்னால மடிச்சு, தலைகீழாக் கடலுக்குள்ள... சளக்! எனக்கு மூச்சே நின்னுபோச்சு. பூபிகள் 25, 30 மீட்டர் உயரத்திலிருந்துகூட இப்படிப் பாயுமாம். தண்ணி ஏறாதபடி மூக்குத்துளை மூடியே இருக்கும். அடி தாங்கறதுக்கு தோலுக்கடியில காற்றுப் பைகள். முன்னோக்கிய கண்கள் தூரத்தைத் துல்லியமாக் கணக்குப் போடும். இதுவா மக்கு?

நம்ம கரையில இது கூடு கட்டறதில்லை. பருவமழைப் புயல்தான் எப்பவாவது ஒதுக்கிவிடும். தினமும் இந்த சாகசத்தைப் பார்க்கணுமா? நீலக்கால் பூபிக்கு காலபகோஸ் தீவுகள். செங்கால் பூபிக்கு ஹவாய்ல கவாய் தீவின் கிலாவியா முனை. பாஸ்போர்ட் எடுத்து வைங்க!

என் ஆசையெல்லாம் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற கிறிஸ்துமஸ் தீவு மேலதான். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது. அபோட்ஸ் பூபி இன்னிக்கு உலகத்துல கூடு கட்டற ஒரே இடம். உயரமான காட்டு மரங்கள்லதான் கட்டும். அந்தக் காட்டுல ஒரு பகுதியை பாஸ்பேட் சுரங்கத்துக்காக வெட்டித் தள்ளிட்டாங்க. 1980-ல் தேசியப் பூங்கா வந்த பிறகுதான் மிச்ச மரங்கள்ல பலதுக்குப் பாதுகாப்பு. இருக்கிற ஒரே வீட்டை இடிச்சது நாம. முட்டாள்ங்கிற பேர் அதுக்கு!

அரியர் மூணும் அப்புறம் க்ளியர் ஆயிடுச்சு. பட்டப்பேர் மட்டும் போகலை. இப்பல்லாம் யாராவது 'டேய் மக்கு'ன்னா, அந்த 'சளக்' சத்தம்தான் காதுல கேக்குது.

மழைக்காலத்துல கடற்கரையில இப்படி ஒரு பறவை உட்கார்ந்திருந்தா, துரத்தாதீங்க. நாய்கள் கிட்டே வராமப் பார்த்துக்குங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. அது நம்மளை நம்பி உட்கார்ந்திருக்கு.