டர்போவில் பழுதில்லை

வாப்பாவின் வேன் பழைய டொயோட்டா டவுன்ஏஸ். 2சி-டி என்ஜின், 1974 சிசி, டர்போ டீசல். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து புடவைக் கட்டுகள் ஏற்றியே எங்களைப் படிப்பித்தார்.

போன மாதம் நீலப் புகை கக்கத் தொடங்கியது. ஒரு கராஜில் டர்போவுக்குக் காற்றுப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார்கள். விரல் முழுக்க ஒயில். "டர்போ முடிஞ்சுது சேர், மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சேர்த்த காசில் பெரும்பங்கு. விற்றுவிடலாம் என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஏறிய விலையில் வேறொன்று வாங்க எங்களால் ஏலாது.

பழைய டர்போ ஒன்று தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் விற்கவில்லை. "முதல்ல ஒருத்தர்ட்டக் காட்டுங்க" என்று வயதான ஒரு பாஸிடம் அனுப்பினார்.

வேனைக் கொண்டுபோனதும் அவர் விளக்கினார். என்ஜினுக்குள் சேரும் ஒயில் ஆவி பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னால்தான் வந்து சேரும். அங்கே லேசாக ஒயில் படிவது வழமை. டர்போவின் சீல் போனால் பெரும்பாலும் அதைத் தாண்டிய குழாயில்தான் ஒயில் தேங்கும். எங்கள் வேனில் முன்பக்கமே அதிகம். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் துளி அசைவு, அது இருக்கலாமாம். முன்னும் பின்னும் அசையவில்லை. இறக்கைகள் எங்கும் உரசவில்லை. என்ஜினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்தார். புகை தள்ளவில்லை, ஆகவே ரிங்கும் பரவாயில்லை.

கடைசியாக டிப்ஸ்டிக்கை உருவினார். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில்.

"யாரு இவ்வளவு ஊத்தினது?"

வாப்பா வாய் திறக்கவில்லை.

ஒயில் கூடினால் கிராங்க் அதில் அடித்து நுரைக்கும். அந்த நுரையைத்தான் பிரீதர் டர்போவுக்குள் தள்ளியிருக்கிறது. இன்னும் அதிகம் போயிருந்தால் என்ஜின் அந்த ஒயிலையே எரித்து, சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் நிற்காமல் ஓடுமாம். புறக்கோட்டைச் சனத்துக்குள் அப்படி நடந்திருந்தால்? அல்லாஹ் காப்பாற்றினான்.

கூடின ஒயிலை வடித்து, குழாய்களைக் கழுவி, புதிய எயார் ஃபில்டர் போட்டார். இரண்டு நாளில் புகை நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

இரவு உம்மா உறங்கிய பிறகு வாப்பா சொன்னார்: "கோடு தெரியல்ல மகன். கொறஞ்சிட்டு எண்டு நெனச்சித்தான் ஒவ்வொரு தரமும் ஊத்தின."

கோடு தெரியாத கண்ணோடுதான் இத்தனை நாளும் அந்தத் தெருக்களில் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு தவணையும் பின்வாங்குப் பிள்ளைகளிடம் "பலகை தெரியுதா?" என்று கேட்கிறவன் நான். வாப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரை சாவி என்னிடம். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய டீசல் வண்டி இருந்தால், டர்போ மாற்றக் காசு கொடுக்க முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து. வாப்பா பார்க்கிறார் என்றால், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.