வண்டி ஆயில் குடிக்குது தம்பி

ஒரு மாசமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை போயிட்டு வந்தேன். மாரியம்மன் கோயில் தேர், மேலமலை விஜயாலய சோழீச்சரம்னு படத்தோட பதிவு வரும்னு எதிர்பார்த்த மக்கள்ஸ் மன்னிக்கணும். இது லாரி இன்ஜின் பத்தின பதிவு. பயப்படாதீங்க, கொஞ்சம்தான் கிரீஸ் ஒட்டும் :-)

எங்க ஊரைச் சுத்திக் கல் குவாரியும் கிரஷரும். அப்பாகிட்ட ஒரே ஒரு டிப்பர் இருக்கு. 2014 மாடல், செகண்ட் ஹேண்ட்ல ஃபைனான்ஸ் போட்டு வாங்கினது. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. ஜல்லி ஏத்திக்கிட்டு கீரனூர் வழியா திருச்சிக்கு நடை அடிப்பார். இன்னும் பதினோரு டியூ பாக்கி.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி ஃபோன் பண்ணினார். "தம்பி, வண்டி ஆயில் குடிக்குது. ஐடில்ல நிக்கறப்ப ஆயில் லைட்டும் மினுக்குது." அவர் காட்டின ஒரு மெக்கானிக் வண்டிக்கு அடியில குனிஞ்சுகூடப் பார்க்காம, "இன்ஜின் போச்சு, இறக்கி கிராங்க் வரைக்கும் ஃபுல் வேலை பார்க்கணும், 1,75,000 ஆகும்"னு சொல்லிட்டாராம். "நீ இன்ஜினியராச்சே, என்னப்பா சொல்றே?"ன்னார் அப்பா. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா ஊர்ல இன்ஜினியர்னா எல்லா இன்ஜினும் தெரிஞ்சிருக்கணும்.

சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டற எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஒரே நேரத்துல ரெண்டு பக் வந்தா, ரெண்டுக்கும் ஒரே காரணம்னு நம்ம மனசு தானா முடிச்சு போட்டுடும். இங்கேயும் அப்படித்தான். ஆயில் குறையறது ஒரு வியாதி, ஆயில் பிரஷர் குறையறது வேற வியாதி. முதல்ல சொன்னதுக்குப் பெரும்பாலும் பிஸ்டன் ரிங், லைனர், வால்வு கைடு, ஒழுகல் இதுல ஒண்ணு காரணமா இருக்கும். ரெண்டாவதுக்கு பேரிங் தேய்மானம், ஆயில் பம்ப், ரிலீஃப் வால்வு, ஆயிலோட கிரேடு. லெவல் ரொம்ப இறங்கிப் பம்ப் காத்தை உறிஞ்சினா மட்டும் முதலாவது ரெண்டாவதைக் கொண்டு வரும். அப்பா லெவலை அவ்வளவு இறங்க விடறவர் இல்லை.

ஊருக்குப் போனதும் முதல் கேள்வி கேட்டேன். "எவ்ளோ குடிக்குதுப்பா?"

"தினம் ஊத்தறேன்."

"அளந்தா ஊத்தறீங்க?"

"கண்ணுக்குத் தெரியாதா எனக்கு?"

மூணு நாள் அளந்தோம். ஒரே சமதளமான இடத்துல நிறுத்தி, கால் மணி நேரம் ஆயில் கீழ இறங்க விட்டு, டிப் ஸ்டிக் மேல் கோடு வரைக்கும் லிட்டர் குவளையால ஊத்தினோம். கிலோமீட்டர்ல கணக்குப் போட்டா டிப்பருக்கு சரிப்படாது. லோடுக்கு கிரஷர்ல நிக்கறப்பவும் இன்ஜின் ஓடிட்டே இருக்கும், மீட்டர் நகராது. டீசலோட ஒப்பிட்டாத்தான் உண்மை தெரியும். மூணு நாள்ல 120 லிட்டர் டீசலுக்கு 1.8 லிட்டர் ஆயில் போயிருந்துச்சு. நூத்துக்கு ஒண்ணரை. வயசான இன்ஜினுக்கும் இது அதிகம்தான்.

சரி, எங்கே போகுது? ராத்திரி வண்டிக்கு அடியில அட்டையை விரிச்சு வச்சோம். காலையில ரெண்டு சொட்டுதான். ஏர் பிரேக் டேங்க்கோட அடிவால்வைத் திறந்து விட்டேன். லாரியில இதைப் பலபேர் மறந்துடுவாங்க. பிரேக்குக்குக் காத்து அடிக்கற கம்ப்ரசருக்கும் இன்ஜின் ஆயில்தான் போகுது, அதோட ரிங் தேஞ்சா ஆயில் காத்தோட டேங்க்குக்கு வந்துடும். அதுலயும் கொஞ்சம் தண்ணிதான் வந்துச்சு. மிச்சம் இருக்கறது புகை. காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் நீலப்புகை வந்தா வால்வு கைடு பக்கம் சந்தேகப்படலாம். எங்க வண்டி லோடோட மேடு ஏறறப்பதான் நீலமா விட்டுச்சு. (2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டியில புகையை வச்சு ஜோசியம் பார்க்கறது கஷ்டம், சைலன்சர் பக்கம் இருக்கற ஃபில்டர் நிறையப் பிடிச்சு வச்சுக்கும்.) இன்ஜின் ஓடறப்ப ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டித் தலைகீழா அது மேலேயே வச்சேன். டங்கு டங்குனு ஆடிக் கீழ விழுந்துடுச்சு. பேக் கம்ப்ரஷன். ரிங் போயிருச்சு, சந்தேகமே இல்லை. முதல் மெக்கானிக் சொன்னதுல பாதி சரி.

மீதிப் பாதிக்குத்தான் புதுக்கோட்டையில அப்பாவுக்குப் பழக்கமான பாய் பட்டறைக்குப் போனோம். பாய் முதல்ல செஞ்ச காரியம், பிரஷர் ஸ்விட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில ஒரு மீட்டரை நேரா மாட்டினதுதான். "லைட்டை நம்பாதீங்க தம்பி, அது பொய் சொல்லும்." இன்ஜின் நல்லா சூடானதும் ஐடில்ல ஒண்ணரை கிலோ காட்டுச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சா நாலு கிலோ. தேஞ்ச பேரிங்கா இருந்தா இடைவெளி வழியா ஆயில் சுலபமா ஓடிடும், சூட்டுல இவ்வளவு நிக்காது. பம்ப் தள்ளறது ஆயிலைத்தான், போற வழியில இருக்கற தடைதான் பிரஷர். அப்ப லைட் ஏன் மினுக்குது? ஸ்விட்சுக்குப் போற ஒயர் பிளாக்ல உரசி உரசித் தோல் உரிஞ்சிருந்துச்சு. பிரஷர் குறைஞ்சா அந்த ஸ்விட்ச் ஒயரை பாடியில எர்த் பண்ணித்தான் லைட்டை எரிய வைக்கும். இங்கே ஐடில் ஆட்டத்துல ஒயர் தானே எர்த் ஆகிட்டிருந்துச்சு. கிராங்க் வேலைக்குச் சொன்ன பணம் மொத்தமும் கால் அடி இன்சுலேஷன் டேப்ல நின்னுபோச்சு!

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. 1883-ல இங்கிலாந்துல பியூசாம்ப் டவர்னு ஒருத்தர் ரயில் அச்சு பேரிங்கை வச்சு சோதனை பண்ணிட்டிருந்தார். பேரிங் மேல ஆயில் விடறதுக்கு ஒரு ஓட்டை போட்டா, ஆயில் உள்ளே போகாம வெளியே பொங்குது. தக்கை வச்சு அடைச்சா தக்கையைத் தள்ளிடுது. மீட்டர் மாட்டிப் பார்த்தப்பதான், சுத்தற அச்சு தானே ஆயிலை இழுத்து, சுமையைத் தூக்கற அளவுக்கு அழுத்தம் உண்டாக்குதுன்னு தெரிஞ்சது. 1886-ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்குக் கணக்கு எழுதினார். அதாவது மீட்டர்ல தெரியற நாலு கிலோ இன்ஜினைத் தூக்கறதில்லை, ஆயிலை அங்கே கொண்டுபோய் சேர்க்கறது மட்டும்தான் அதோட வேலை. தூக்கறது சில மைக்ரான் தடிமன் உள்ள ஆயில் படலம். அந்தப் படலத்துக்குள்ள அதைவிடப் பெரிய தூசி ஒண்ணு புகுந்தா?

பாய் அதுக்கப்புறம் செஞ்சதை நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். ரிங் போச்சுன்னு தெரிஞ்சதும் நான் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டேன். அவர் ஏன் போச்சுன்னு கேட்டார். ஏர் ஃபில்டருக்கு அடுத்து இன்ஜினுக்குப் போற குழாயைக் கழட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவி எடுத்தார். விரல்ல பவுடர் மாதிரி வெள்ளையா கிரஷர் தூசி. ஃபில்டர் தாண்டின இடத்துல ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக் கூடாது. எங்க ஊர்க் கல்லுல குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவுல அதோட கடினம் 7, லைனர் இரும்பைச் சாதாரணமாக் கீறும். காத்தோட வர்ற தூசி முதல்ல கடிக்கறது மேல் ரிங்கையும் லைனரோட மேல்பக்கத்தையும்தான். அதான் ரிங் போயும் பேரிங் தப்பிச்சிருக்கு.

ஃபில்டரை நிழல்ல வச்சு, உள்ளே செல்ஃபோன் லைட்டை விட்டார். பேப்பர் மடிப்புல அங்கங்கே நட்சத்திரம் மாதிரி வெளிச்சம்.

அப்பா எதுவும் பேசலை. எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் கிரஷர்ல ஏர் ஹோஸை வாங்கி, ஃபில்டரை வெளியே எடுத்து, புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சு சுத்தம் பண்ணித்தான் வீட்டுக்கு வருவார். வேற டிரைவருங்க பீடி பிடிக்கற நேரத்துல இவர் இதைப் பண்ணுவார். அதுல அவருக்கு ஒரு பெருமை. அவ்வளவு அழுத்தத்துல தினம் அடிச்சா பேப்பர் கிழியும், கழட்டி மாட்டற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி உள்ளே போகும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாய் முந்திக்கிட்டார். "ஹோஸ் கிளிப் லூசா இருந்திருக்குண்ணே. கிளிப்பும் ஃபில்டரும் புதுசா போட்டுடறேன். இனிமே ஃபில்டரை நீங்க தொடாதீங்க, எங்கிட்ட கொண்டாந்துடுங்க." கிளிப் கெட்டியாத்தான் இருந்துச்சு, நான் பார்த்தேன்.

லைனர், பிஸ்டன், ரிங் செட் மட்டும் மாத்தி, ஹெட் வேலையும் சேர்த்து 86,000 ஆச்சு. பழைய ஃபில்டரோட வேலை பார்த்திருந்தா அதே தூசி புது ரிங்கையும் தின்னிருக்கும்.

திரும்பி வர்றப்ப பாதி தூரம் அப்பா பேசவே இல்லை. வெள்ளனூர் தாண்டினதும் ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார். "கிளிப்தானா தம்பி?"

"பாய் சொன்னாரேப்பா."

"ம்" என்றார்.

போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல டிப் ஸ்டிக் அளவு கேட்டேன். 350 லிட்டர் டீசலுக்கு அரை லிட்டருக்கும் கம்மி. ஏர் ஹோஸ் இப்ப என்னாச்சுன்னும் கேட்டு வச்சேன். டேஷ்போர்டு மேல இருக்கற மாரியம்மன் படத்துக்குத் தூசி அடிக்க மட்டும் வாங்கறாராம்.