ஆறுமணிக்குருவி

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழக எல்லைக்கு அருகில் எலப்புள்ளி என்னும் ஊர் உள்ளது. வடக்கிலும் தெற்கிலும் தொலைவில் மலைகள். இடையே நெல்வயல்களும் நெடும்பனைகளும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவோர் இப்பகுதியில் பலர். நாம் ஐப்பசி என்பதை மலையாளத்தார் துலாம் என்பர். துலாமழை தொடங்கும் அந்நாள்களில், வடக்கிலிருந்து ஒரு சிறு பறவை இரவிலே பறந்து தென்னாட்டை வந்தடைகிறது. அதுவே ஆறுமணிக்குருவி.

மைனாவைவிடச் சிறியது, நீளம் சுமார் 19 செ.மீ. முதுகு பச்சை, தோளில் பளிச்சிடும் நீலம், தொண்டை வெண்மை, அடிவயிறு செக்கச்சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டியது போல ஒரு கரும்பட்டை. வால் மட்டும் வெட்டி எடுத்தாற்போலக் குட்டை. இத்தனை வண்ணங்கள் இருந்தும் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. புதரடி நிழலில், உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சிகளையும் புழுக்களையும் தேடித் தின்னும். ஆளரவம் கேட்டால் தத்திச் சென்று மறையும். தோட்டக்கள்ளன் என்னும் மற்றொரு பெயர் அதற்கு நன்கு பொருந்துகிறது.

ஆகவே, இதனைக் காண விரும்புவோர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குத் தலையை அண்ணாந்து இரண்டு சுரத்தில் உரக்கச் சீழ்க்கையடிக்கும். பெயர்க்காரணமும் அதுவே. குரல் வந்த திசையில், அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். முதல் நாளே கண்டவர் சிலர். கொசுக்கடியோடு வீடு திரும்பியவரே பலர்.

இக்குரலில் ஒரு வியப்பு உண்டு. குயிலைப் போல் அன்றி, பல பாடும் பறவைகள் தம் பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுக் கற்கின்றன. ஆறுமணிக்குருவியின் இனத்துக்கோ குரல் பிறவியிலேயே அமைந்தது என்பர் அறிஞர். எந்த ஊரில் வளர்ந்தாலும் அதற்குத் தன் மொழி மறக்காது. மனிதக் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை.

நெடும்பயணத்தில் களைத்த பறவை சிலவேளை வீடுகளுக்குள் வந்து விழுவதுண்டு. விளக்கொளியில் திகைத்தும் கண்ணாடியில் மோதியும் விழும். அவ்வாறு திண்ணையில் கிடந்த ஒன்றை ஒரு சிறுமி எடுத்தாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது.

“பாட்டி, இதை நாமே வளர்க்கலாமா?”

“வேண்டாம் கண்ணு. வழியில் களைத்து இறங்கியது. இளைப்பாறட்டும், போகட்டும்.”

காற்றுப் புகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, பறவையை இருட்டில் வைத்தார்கள். வாயில் நீர் ஊற்றவில்லை. அது மூச்சுக்குழலில் சென்றுவிடும். சிறுமி பலமுறை பெட்டியருகே சென்றாள், திறக்கவில்லை. பொழுது சாயுமுன் மூங்கிற்புதரின் அருகே மூடியை நீக்கினார்கள். சற்று நேரம் அது அசையவே இல்லை. பின்பு தத்தித் தத்திச் சருகுக்குள் மறைந்தது. சிறுமி அன்று சரியாக உண்ணவில்லை.

பாலக்காட்டு மாவட்டத்தின் காவச்சேரியில் 1923இல் பிறந்த கே. கே. நீலகண்டன் ஆங்கிலப் பேராசிரியர். ‘இந்துசூடன்’ என்னும் புனைபெயரில் கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதி, பலரைப் பறவை நோக்கச் செய்தார். அவரைப் போன்றோர் பொறுமையாக நோக்கியதால்தான் எந்தப் பறவை எப்போது வருகிறது என்பது நமக்குத் தெரிகிறது.

இப்போது தோட்டங்களில் சருகைக் கூட்டி எரித்துவிடுகிறோம். வேலிப்புதரை வெட்டி மதில் எழுப்புகிறோம். நமக்கு அது தூய்மை, ஆறுமணிக்குருவிக்கோ பட்டினி. கொல்லையின் ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டுவைக்கும் வீடுகளில் அதன் சீழ்க்கை இன்னும் கேட்கிறது.

சித்திரை வாக்கில் அது மீண்டும் வடக்கே புறப்படும். நடு இந்தியாவின் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் பந்து போன்ற கூடு கட்டி, நான்கைந்து முட்டையிடும். அங்கே அதன் பெயர் நவரங்.